உறக்கக் கடன்

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பொழுது புலரும் நேரத்தில் சாலையோரம் நிற்பவர்கள் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். ஒரகடம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, செய்யாறு ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளின் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. காலை ஷிப்டுக்குச் செல்வோர் ஏறிச் செல்கின்றனர். சற்று நேரத்துக்கெல்லாம் இரவு ஷிப்டை முடித்தவர்கள் வந்து இறங்குகின்றனர். இறங்குபவருள் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞரும் இளம் பெண்களுமே. ஊர் விழித்தெழும் வேளையில் அவர்கள் படுக்கைக்குச் செல்லவேண்டும். ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிரிட்டு, கோழி கூவ எழுந்து, விளக்கு வைத்துச் சில நாழிகைக்குள் கண்ணயர்ந்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். இரண்டே தலைமுறைக்குள் நம் இல்லங்களில் இரவும் பகலும் இடம் மாறிவிட்டன.

தொழிற்சாலைகளைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை தந்த ஊதியத்தால் எத்தனையோ வீடுகளில் கடன் அடைந்தது. தங்கையரின் திருமணம் நடந்தது. தம்பியர் கல்லூரிப் படியேறினர். ஆயினும் அதே வீடுகளில் இன்னொரு கடன் ஓசையின்றி ஏறிக்கொண்டிருக்கின்றது. அது உறக்கக் கடன். அதைச் சுமப்பது இளையோரின் மூளை. கடன்பட்டவருக்கே அது தெரிவதில்லை என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது.

தன்னையே ஏமாற்றும் களைப்பு

‘எனக்கு ஐந்தாறு மணி நேரம் போதும், பழகிவிட்டது’ என்று கூறும் இளைஞரை நாம் எல்லோரும் அறிவோம். இக்கூற்று எவ்வளவு மெய்யானது என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சோதித்து, 2003ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நலமுள்ள 48 பேர் அச்சோதனைக்கு உட்பட்டனர். அவர்களின் வயது 21 முதல் 38 வரை. ஒரு பிரிவினர்க்கு இரவில் எட்டு மணி நேரமும், மற்றொரு பிரிவினர்க்கு ஆறு மணி நேரமும், வேறொரு பிரிவினர்க்கு நான்கு மணி நேரமும் என இரண்டு வாரங்கள் உறக்கம் அளந்து தரப்பட்டது. விழித்திருக்கும் நேரத்தில் அவர்களின் கவனமும் நினைவாற்றலும் அடிக்கடி சோதிக்கப்பட்டன.

எட்டு மணி நேரம் உறங்கியோர் ஏறத்தாழ முன்போலவே இருந்தனர். ஆறு மணி நேரத்தாரும் நான்கு மணி நேரத்தாரும் நாளுக்கு நாள் தளர்ந்தனர். இரண்டு வாரம் முடியும்போது அவர்களின் மூளைத் திறன் ஓரிரு இரவுகள் ஒரு கணமும் கண்மூடாதவரின் நிலைக்கு இறங்கியிருந்தது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று அவர்களையே கேட்டபோது, முதற் சில நாட்களுக்குப் பின் அவர்களின் விடையில் பெரிய மாற்றம் இல்லை. தாம் பழகிக்கொண்டதாகவே அவர்கள் எண்ணினர். திறன் குறைந்துகொண்டே போயிற்று. குறைகிறது என்னும் உணர்வோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஆகவே, ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று நம் பிள்ளைகள் கூறும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்வதை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

18 முதல் 25 வயது வரையிலான இளையோர்க்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் தேவை என அமெரிக்கத் தேசிய உறக்க நிறுவனத்தின் வல்லுநர் குழு 2015ஆம் ஆண்டில் வரையறுத்தது. அதற்கு மேற்பட்ட வயதினர்க்கும் அறுபத்து நான்கு வரை இதே அளவுதான். மேனிலைப் பள்ளி மாணவர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரம். ஆளுக்கு ஆள் சற்றே வேறுபாடு உண்டு. எனினும் ஐந்து மணி நேரத்தில் நிறைவு பெறும் மூளை மிக அரிது.

உறங்கும் மூளை செய்யும் வேலை

உறங்கும்போது மூளை ஓய்ந்து கிடக்கின்றது என்றே நெடுங்காலம் மக்கள் எண்ணினர். உண்மை அதுவன்று. பகலில் கற்றவையும் கண்டவையும் கேட்டவையும், மூளையின் உட்புறத்தில் கடற்குதிரையின் உருவை ஒத்த ஒரு சிறு பகுதியில் முதலில் வந்து தங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தின்போது அவை மீண்டும் மீண்டும் புரட்டப்பெற்று, நிலையாகத் தங்கவேண்டியவை மூளையின் மேற்பரப்புக்கு மாற்றப்படுகின்றன. களத்தில் குவிந்த நெல்லைத் தூற்றிப் பதரைப் போக்கிக் குதிரில் சேர்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் கண்விழித்துப் படிக்கும் மாணவர், நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்பும் உழவரைப் போன்றவர். ‘நீட்’ தேர்வுக்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் படிக்கும் பிள்ளைகளை நள்ளிரவுக்குப் பின்னும் காப்பி கொடுத்து விழிக்கச் செய்யும் தாய்மார் இதைக் கருதவேண்டும்.

உறக்கத்தின்போது மூளையின் கழிவுகள் கழுவப்படுகின்றன என்ற செய்தியும் பரவலாகப் பேசப்படுகின்றது. எலிகளின் மூளையில் உறக்கத்தின்போது உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 60 விழுக்காடு விரிவடைவதாக 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. 2024ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் எலிகளிடமே நேர்மாறான முடிவைக் கண்டதாக அறிவித்தனர். அறிஞரிடையே வழக்குத் தீரவில்லை. ஆகையால் இதைக் கொண்டு எவரேனும் மருந்தோ மாத்திரையோ விற்க வந்தால் வாசகர்கள் விலகி நிற்பதே நன்று.

ஐயத்துக்கு இடமின்றித் தெரிவது, உணர்ச்சியைப் பற்றியது. அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகள் எழுமிடம் மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதி. அதற்குக் கடிவாளமாக இருப்பது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர், 18 முதல் 30 வயதுள்ள இளையோரில் ஒரு பிரிவினரை ஏறத்தாழ 35 மணி நேரம் உறங்கவிடாமல் வைத்து, மனத்தை வருத்தும் படங்களைக் காட்டி, அவர்கள் மூளையைப் படமெடுத்தனர். உறங்கியவரைக் காட்டிலும் உறங்காதவரின் உணர்ச்சிப் பகுதி 60 விழுக்காடு மிகுதியாகக் கொந்தளித்தது. முன்மூளைக்கும் அதற்கும் உள்ள இணைப்போ தளர்ந்திருந்தது. இரவுப் பணி முடித்து வந்த மகன், ‘சாப்பிட வா’ என்று அழைத்த தாயின்மீதே எரிந்து விழுகின்றான் என்றால், அது வளர்ப்பின் குறையென்று உடனே முடிவு கட்டவேண்டாம். இளந்தம்பதியரிடையே எழும் பூசல்களைத் தீர்க்க உட்காரும் பெரியவர்கள், ‘இருவரும் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?’ என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்வது நலம்.

இம்முன்மூளை முழு வளர்ச்சி எய்துவது இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற அவ்விதிகள், முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்கின்றன. அக்காலத்தார் மூளை நூல் பயின்றவரல்லர். இருப்பினும் மனிதரைக் கூர்ந்து கவனித்திருக்கின்றனர். வளர்ந்து முடியாத கட்டடத்தில் இரவுதோறும் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நாமும் எண்ணிப் பார்க்கலாம்.

முதுமையில் வரும் மறதி நோயோடு உறக்கக் குறைவுக்குத் தொடர்புண்டா என்று பலர் கேட்கின்றனர். பிரித்தானிய அரசு ஊழியர் ஏறத்தாழ எண்ணாயிரவரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐம்பது வயது முதல் எழுபது வயது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களிடம், ஏழு மணி நேரம் உறங்கியவர்களைவிட அந்நோய் 30 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. உறக்கக் குறைவே காரணம் என்று இதனால் உறுதிப்படாது. மேலும் இது நடுவயதினரைப் பற்றிய கணக்கு. இளையோர்க்கு உள்ள இடர் முதுமை வரை காத்திருப்பதில்லை. அது மறுநாட் காலையில் சாலையிலேயே நிற்கின்றது.

நண்பகல் இரண்டு மணிக்கு எழுந்த இளைஞர் ஒருவர் இரவு முழுதும் உழைத்துவிட்டு, காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, அங்கு விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிளை எடுக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் விழித்திருந்தது 17 மணி நேரம். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலையில் இருப்பதாக 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் பொறுக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். ஒரு துளியும் அருந்தாத நல்ல பிள்ளை, சட்டம் தண்டிக்கும் குடிகாரரைவிடத் தளர்ந்த நிலையில் வண்டி ஓட்டுகின்றார். அவரை ஊதச் சொல்லிச் சோதிக்கும் காவலர்க்கும் இது புலப்படாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர் என்றாலும், தந்தையோ தம்பியோ சென்று அழைத்து வருவதே முறை.

சென்னையில் கண்ட உண்மை

இனி நமக்கு மிக அருகில் நடந்த ஓர் ஆய்வைக் காண்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் ஐவர், சென்னையில் குறைந்த வருவாய் உள்ள 452 பேருக்கு ஒரு மாத காலம் கணினியில் பதிவு செய்யும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, அவர்களின் உறக்கத்தை அளந்தனர். இதன் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மக்கள் இரவில் படுக்கையில் கிடந்தது ஏறத்தாழ எட்டு மணி நேரம். உண்மையில் உறங்கியதோ ஐந்தரை மணி நேரந்தான்! வெப்பம், கொசு, தெருவோசை, இடநெருக்கடி, மனக்கவலை ஆகியவை உறக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டின.

ஆய்வாளர்கள் ஒரு பிரிவினர்க்குக் கட்டில், மெத்தை, தலையணை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பு முதலியன கொடுத்து உறக்கத்தின் நன்மையையும் எடுத்துரைத்தனர். வேறொரு பிரிவினர்க்குக் கூடுதலாக உறங்கினால் பணமும் தந்தனர். உறக்கம் இரவுக்கு 27 நிமிடங்கள் கூடிற்று. ஆனால் அறிஞர்கள் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. வேலைத் திறனோ, கவனமோ, மனநலமோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. படுக்கையில் கிடந்த நேரம் நீண்டதே தவிர, உறக்கத்தின் தரம் மாறவில்லை என்பதே இதற்குக் காரணமாகலாம்.

அதே ஆய்வில், வேறு சிலர் பிற்பகலில் பணியிடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் அரை மணி நேரம் படுத்துறங்க விடப்பட்டனர். அவர்களின் கவனமும் வேலைத் திறனும் மனநிறைவும் உயர்ந்தன! அந்த அரை மணி நேரத்தையும் உழைப்பிலேயே செலவிட்டவர்கள் மொத்த ஊதியத்தில் சற்றுக் கூடுதலாகப் பெற்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனினும் அமைதியில் கிட்டிய ஒரு சிறு உறக்கம், ஓசையிலும் வெக்கையிலும் புரண்டு கழித்த கூடுதல் நேரத்தைவிட மூளைக்குப் பயன்பட்டது என்பது தெளிவு.

‘நேரத்தோடு போய்ப் படு’ என்று அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையே இவ்வாய்வினின்று நான் உணர்கிறேன். இளையோரின் உறக்கம் அவர்களின் மனவுறுதியை மட்டும் சார்ந்ததன்று. அவர்களைச் சூழ்ந்து வாழும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் அது சார்ந்திருக்கின்றது.

பகலில் உறங்குபவர் சோம்பேறியா?

பகலுறக்கம் இயல்பிலேயே குறுகியது. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, உடலின் கடிகாரம் அமைந்துள்ளது. சூரிய ஒளி கண்ணில் பட்டதும் அது ‘எழு’ என்று உடலுக்குக் கட்டளையிடுகின்றது. இரவு ஷிப்டு முடித்தவர் அக்கட்டளைக்கு எதிராக உறங்க முயல்கின்றார். அவ்வேளையில் வீட்டில் தொலைக்காட்சி அலறுகின்றது, மிக்சி ஓடுகின்றது, விருந்தினர் வருகின்றனர், ‘சும்மாதானே படுத்திருக்கிறாய், ரேஷன் கடைக்குப் போய் வா’ என்று எழுப்புகின்றோம். பத்து மணிக்கும் படுத்துக்கிடக்கும் பிள்ளையைப் பார்த்து அண்டை வீட்டார் ஏதேனும் சொல்வார்களோ என்று நாணுகின்றோம். அவர் பத்து மணிக்குப் படுத்திருப்பது, நாம் நள்ளிரவில் படுத்திருப்பதற்கு ஒப்பானது.

திருத்தூதர் பணிகள் நூலின் இருபதாம் அதிகாரத்தில், பவுலின் உரை நள்ளிரவு வரை நீண்டபோது சன்னலில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. நூலாசிரியர் அவ்விளைஞரை ஒரு சொல்லாலும் கடியவில்லை. உரை நீண்டது என்பதையும் அறையில் விளக்குகள் பல எரிந்தன என்பதையும் குறித்துச் செல்கின்றார். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் கண்ணயரும் இளையோரை முறைத்துப் பார்க்கும் பெரியவர்களும், நீண்ட மறையுரை ஆற்றும் என் போன்றோரும் அப்பகுதியை ஒருமுறை வாசிக்கலாம்.

ஆணுக்காவது ஓரளவு உறக்கம் கிட்டுகின்றது. பெண்ணின் நிலையோ இன்னும் கடினமானது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் பணிபுரியலாகாது என்றிருந்த சட்டப் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் செல்லாது என அறிவித்தது. உழைக்கும் உரிமை அவ்வாறு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலையை யாரும் பங்கிட்டுக்கொள்ளவில்லை. இரவு முழுதும் நின்று வேலை செய்த மருமகள், வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் பிடித்து, சமைத்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரம் துலக்கிவிட்டுப் பதினொரு மணிக்குத் தலையைச் சாய்க்கின்றார். மூன்று மணிக்குக் குழந்தை திரும்பிவிடும். நான்கு மணி நேரம்! மேலே சொன்ன சோதனையில் நான்கு மணி நேரம் உறங்கியவரே எல்லோரிலும் மோசமாகத் தளர்ந்தனர். அவர்களுக்கோ சமையலும் இல்லை, குழந்தையும் இல்லை. காலை உணவை மாமியாரோ கணவரோ ஆக்கி வைத்தால் அப்பெண்ணுக்கு இரண்டு மணி நேர உறக்கம் கூடும். எந்த மருத்துவரும் எழுதித் தர இயலாத மருந்து அது.

வீடு சிறியதாக இருக்கலாம். ஆயினும் ஒரு மூலையை இருட்டாக்கலாம். சன்னலுக்குத் தடித்த துணி, பகலிலும் கொசுவலை, ஒரு மின்விசிறி ஆகியவை போதும். சிமெண்ட் ஷீட்டுக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் எவரும் உறங்க இயலாது. மேலே தென்னங்கீற்று வேய்வது சற்று உதவும். பணி முடிந்து திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்தால் காலை ஒளி மூளையை விழிப்பூட்டுவது குறையும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். ஆகவே ஷிப்டின் பிற்பாதியில் அவற்றைத் தவிர்ப்பது நன்று. மாலையில் வேலைக்குக் கிளம்புமுன் இருபது நிமிடம் கண்ணயர்வதும் காக்கும். கைப்பேசியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டனர். நான் ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கும் தந்தை, தாமும் பத்து மணிக்கு அதை அணைத்து வைக்கட்டும்.

வீட்டுக்கு வெளியிலும் நம் பங்கு உண்டு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதி. திருவிழா எந்தச் சமயத்தாருடையதாயினும், நம் ஆலயத்தினுடையதாயினும், விதி ஒன்றே. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு எழவே மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்ததும் வாசகர்க்கு நினைவிருக்கும். அப்போது ஊதியத்தைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் மிகுதியாகப் பேசினோம். உறக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் சிலரே. வேலை பன்னிரண்டு மணி நேரம், பேருந்தில் போக வர மூன்று மணி நேரம், எஞ்சுவது ஒன்பது. குளியல், உணவு, வீட்டு வேலை, பிள்ளைகளோடு நான்கு வார்த்தை ஆகியவற்றுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், படுத்தவுடன் உறக்கம் வந்தாலும் ஆறு மணி நேரமே மிஞ்சும். இத்தகைய திட்டம் மீண்டும் எப்பெயரில் வந்தாலும் தொழிற்சங்கத்தாரும் பெற்றோரும் இக்கணக்கை முன்வைக்கவேண்டும்.

இறுதியாக, போதிய நேரமும் இடமும் இருந்தும் வாரக்கணக்கில் உறக்கம் வராதவர்களும், ஒன்பது பத்து மணி நேரம் உறங்கியும் களைப்புத் தீராதவர்களும், உரக்கக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சுத் திணறுகிறவர்களும் மருத்துவரைக் காணவேண்டும். இரத்தச் சோகை, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவை இவ்வாறு வெளிப்படுவதுண்டு. உள்ளூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். அங்கிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். மனச்சோர்வெனில், தயங்குவோர் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்துக்கடையில் தாமாகவே தூக்க மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் சில இளைஞரிடம் காணப்படுகின்றது. பெற்றோர் அவர்களின் சட்டைப் பையில் அதைக் கண்டால் சினந்து வீசியெறியவேண்டாம். நெடுநாள் உட்கொண்ட சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதும் தீங்கு செய்யும். மாத்திரையை எடுத்துக்கொண்டு பிள்ளையுடன் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள்.